கண் திறந்த சொல்தா

அத்தியாயம் 17

"என்னா அரிண்ணே, நேத்து எந்த ஊரப் புடிச்சீங்க?"

மில் வாசல் டீக்கடையில் திங்கட்கிழமை தவறாமல் வரும் கேள்வி இது. கேட்டவன் நெசவுப் பகுதி சின்னக்கண்ணு. சாயப் பகுதி அரிகிருஷ்ணன் ஞாயிற்றுக்கிழமையானால் குருசுக்குப்பத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போய், ஈயச் சிப்பாய்களை மேசையில் நிறுத்திச் சண்டை விளையாடுகிறார் என்பது மில்லுக்கே தெரியும். முழங்கை வரைக்கும் நீலம் ஏறிப்போன கை. அந்தக் கையால் விரல் உயரப் பொம்மைக்குச் சட்டைப் பொத்தான் வரைகிற ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"எதையும் புடிக்கல. தோத்துட்டேன்" என்றார் அரிகிருஷ்ணன்.

"விடுங்க. அவரு நெசமாவே பீரங்கி சுட்ட ஆளு. நீங்க நூல வேவ வெச்ச ஆளு."

கடையில் நாலு பேர் சிரித்தார்கள். அரிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. தோற்றது அவருக்குப் புதிதில்லை. நேற்று தோற்ற விதம்தான் புதிது.

கொளஞ்சி கிளம்பிய நாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அரிகிருஷ்ணனுக்கும் மணியம்மாளுக்கும் ஒரே பிள்ளை. மில்லில் பதிலி வேலைக்குக்கூட இடமில்லாமல் வாசலில் நின்று நின்று திரும்பியவன். பக்கிரியின் மகள் வசந்தாவைக் கட்டினான். பெண் பிரெஞ்சுப் பிரஜை என்பதால் இவனும் பிரெஞ்சுப் பிரஜை ஆனான். அங்கே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான். இப்போது லெபனான் தேசத்தில், பெய்ரூட் பட்டணத்தில் காவலுக்கு நிற்கிறான். 'கடலு தெரியுதும்மா, நம்ம ஊரு மாதிரியேதான் இருக்கு' என்று கேசட்டில் பேசி அனுப்பியதை மணியம்மாள் ஓட்டி ஓட்டி டேப்பே இழுத்துக்கொண்டது.

பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரனுக்குப் புதுச்சேரியில் சொல்தா என்று பேர். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பக்கிரியும் சொல்தாதான். போன வருஷம் பட்டாளத்தில் சேர்ந்த கொளஞ்சியும் சொல்தாதான். பக்கிரி பிரான்சில் சந்தை சந்தையாக அலைந்து வாங்கிச் சேர்த்து, பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்த ஈயப் பொம்மைகளும் சொல்தாதான்.

அந்தப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவது அரிகிருஷ்ணன். சாயத்தொட்டியில் சாம்பல் நீலத்துக்கும் புகை நீலத்துக்கும் வித்தியாசம் பார்க்கிற கண் அவருக்கு. எனாமல் பெயிண்டை டர்பண்டைனில் கரைத்து, ஆட்டின் காது மயிரைக் குச்சியில் கட்டிய தூரிகையால் சட்டை, பெல்ட், துப்பாக்கி, மீசை என்று ஒவ்வொன்றாக எழுதுவார். கண்ணை மட்டும் விட்டுவிடுவார். சிலைக்குக் கடைசியில் கண் திறக்கிறார்களே, அதுபோல. கண் எழுதாத பொம்மை அலமாரியில் தூங்கும். எழுதினால்தான் மேசைக்கு வரும். விளையாட்டாகச் சொன்னது, இரண்டு பேருக்கும் நடுவில் சட்டமாகிப்போனது: கண் திறக்காத சொல்தா சண்டைக்குப் போகமாட்டான்.

பங்குனியில் லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பக் கிளம்புகிற அன்று கொளஞ்சி அலமாரியிலிருந்து அப்படி ஒன்றை எடுத்தான். "அப்பா, இது நானு. நான் திரும்பி வந்தப்புறம் இதுக்குக் கண்ணு தொற" என்றான். மணியம்மாள் கூட இருந்தாள். வசந்தா கூட இருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அழுகையை அடக்கச் சிரித்தார்கள்.

நேற்று அந்தச் சிப்பாயைத்தான் அரிகிருஷ்ணன் எடுத்தார்.

பாலத்துப் பக்கம் ஒரு ஆள் குறைந்தது. பாலம் என்றால் ஒரு செங்கல்தான். ஆனால் காலையிலிருந்து அந்தச் செங்கலுக்காக மல்லுக்கட்டுகிறவனுக்கு அது செங்கல் இல்லை. "ஆளு இல்லியா சம்பந்தி? கையத் தூக்கிடுங்க" என்றார் பக்கிரி. அரிகிருஷ்ணன் கை அலமாரிக்குப் போனது.

"அது வேணாம்" என்றார் பக்கிரி.

"பொம்மதான?" என்றார் அரிகிருஷ்ணன்.

இரண்டு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான். ஈரம் காயும் முன்பே சிப்பாயைப் பாலத்தில் நிறுத்தினார். பக்கிரி பித்தளைத் தாயக்கட்டையை உருட்டினார். பன்னிரண்டு. பன்னிரண்டு விழுந்தால் பீரங்கி. மில் கழிவு நூலில் முடிச்சுப் போட்டுத்தான் தூரம் அளப்பார்கள். பீரங்கிக்கு ஏழு முடிச்சு. நூலை நீட்டிப் பிடித்தார். ஏழாவது முடிச்சு சிப்பாயின் மார்பில் வந்து நின்றது.

விழுந்த பொம்மைகளைப் போட ஒரு பிஸ்கோத்து டப்பா இருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் பிரெஞ்சில் என்ன பேரோ அதையே அந்த டப்பாவுக்கும் வைத்து, 'சிமித்தியேர்' என்பார் பக்கிரி. சிப்பாய் டப்பாவுக்குள் 'டொக்' என்று விழுந்தது. அரிகிருஷ்ணனுக்கு அதற்கப்புறம் ஆட்டத்தில் மனசில்லை. கிளம்பும்போது சம்பந்தி பார்க்காத நேரத்தில் அதை எடுத்து ஜன்னல் கட்டையில் தெருவைப் பார்த்து நிறுத்திவிட்டு வந்தார். அடுத்த வாரம் டர்பண்டைன் கொண்டுபோய்க் கண்ணைத் துடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

டீ ஆறி ஆடை கட்டியது.

பேப்பரைப் பிரித்த சின்னக்கண்ணு, "அடேங்கப்பா, சொல்தாங்க கூண்டோட போயிட்டானுங்களே" என்றான்.

மறுபடி கிண்டல் என்றுதான் அரிகிருஷ்ணன் நினைத்தார். "போதும்டா" என்றார்.

"அட, நெசமாண்ணே. பெய்ரூட்டாம். பிரெஞ்சு சொல்தாங்க தங்கியிருந்த கட்டடத்துக்கு வெடி வெச்சிட்டானுங்க. மாடி மாடியா சரிஞ்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அரிகிருஷ்ணனின் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பேப்பரை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான். வைத்து என்ன பயன்?

சங்கு ஊதியது. ஆட்கள் உள்ளே போனார்கள். அரிகிருஷ்ணன் சைக்கிளைத் திருப்பினார். காய்ச்சலோடும், கையில் கொப்புளத்தோடும், அப்பனை எரித்த மறுநாளும் அந்தச் சங்குக்கு உள்ளே போனவர் அவர்.

*

பக்கிரி வீட்டு ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன. உள்ளே மேசையில் நேற்றைய சண்டை அப்படியே நின்றது. அதன் நடுவில் டிரான்சிஸ்டரை வைத்திருந்தார் பக்கிரி. வைத்த அவசரத்தில் ஒரு வரிசை சிப்பாய்கள் சாய்ந்திருந்தார்கள். அவர்களை நிமிர்த்தக்கூட இல்லை. பதக்கம் குத்திய கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அரிகிருஷ்ணன்.

"ராத்திரியே. பிரெஞ்சு ரேடியோவுல சொன்னான்."

"வசந்தாவுக்கு?"

"அது நேத்து சாயந்திரம் இங்கதான வந்துச்சு. பேட்டரி போயிடுச்சின்னு சொல்லி ரேடியோவ மூடிட்டேன். இந்தத் தெரு பூரா சொல்தா வீடு. வாச தெளிக்கறப்பவே எவளாச்சும் துக்கம் கேக்க வந்துடுவா. வயித்துல ஏழு மாசம். அதான் விடிஞ்சதும் ரிக்‌ஷா வெச்சு உங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"நான் கெளம்புனப்புறம் போயிருக்கும்." அரிகிருஷ்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, அவன் இருக்கானா?"

"தெரியல."

"நீங்க சண்டையப் பாத்தவரு. சொல்லுங்க."

"சண்டைன்னா சொல்லுவேன். இது தூங்கறவன் மேல வீட்டத் தள்ளினது. இதுல எனக்கு என்னாய்யா தெரியும்?"

பக்கிரி ஒருநாளும் 'யா' போட்டுப் பேசியதில்லை. அதைக் கேட்டபோதுதான் சம்பந்திக்கும் எதுவும் தெரியாது என்று அரிகிருஷ்ணனுக்குப் புரிந்தது.

"எந்நேரத்துல?"

பக்கிரி மேசையைப் பார்த்தார். "நாம ஆடிட்டிருந்தோம்ல. அந்நேரம்."

அரிகிருஷ்ணன் ஜன்னலுக்குப் போனார். கட்டையில் சிப்பாய் இல்லை. ஜன்னலைத் திறந்து தெருவை எட்டிப் பார்த்தார். மேசைக்கடியில் குனிந்தார். பிஸ்கோத்து டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். ஈயம் உருண்டு நாலு மூலைக்கும் ஓடியது. முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"என்னாத்தத் தேடறீங்க?"

"கொளஞ்சிய."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

பக்கிரி குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "அது ஈயம். உருக்குனா வலைக்குக் குண்டு. எழுந்திருங்க."

"நீங்க வேணாம்னு சொன்னீங்க."

"சொன்னேன்" என்றார் பக்கிரி.

*

பிரெஞ்சுத் தூதரகத்தை ஊரில் கொன்சுலா என்பார்கள். கடற்கரைப் பக்கம், அதன் வாசலில் ஏற்கெனவே ஆட்கள் நின்றார்கள். கவுன் போட்ட கிழவிகள், கண்டாங்கி கட்டிய கிழவிகள், மடியில் பிள்ளையோடு ஒருத்தி. யாரும் யாரிடமும் பேசவில்லை. பேசினால் யார் வீட்டுப் பிள்ளை எங்கே என்று கேட்க வேண்டிவரும்.

உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரர் வெளியே வந்தார். அவர் முகமும் தூங்காத முகம்தான். பக்கிரி விறைத்து நின்று சல்யூட் வைத்துவிட்டுப் பிரெஞ்சில் கேட்டார். பதிலில் அரிகிருஷ்ணனுக்குப் புரிந்தது சொல்தா என்கிற ஒரு வார்த்தைதான். அது மட்டும் மூன்று நாலு தடவை வந்தது.

"என்னா சொல்றாரு?"

"இன்னும் இடிபாட்டத் தோண்டிட்டு இருக்காங்களாம். உயிரோடயும் எடுத்திருக்காங்களாம். பேரு ஒண்ணும் வரல. வந்ததும் சொல்றேங்கறாரு." பக்கிரி கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டார். "சம்பந்தி, நீங்க வீட்டுக்குப் போங்க. பொம்பளைங்க ரெண்டு பேரும் வேற எவன் வாயாலயும் இதக் கேக்கக் கூடாது. நான் இங்கயே நிக்கறேன்."

"பேரு வந்தா?"

"மொபிலெட்ட எடுத்துட்டு நேரா வரேன்."

"நல்ல சேதியா இருந்தா?"

பக்கிரி கொஞ்சம் யோசித்தார். அவருடைய மொபிலெட் வண்டியில் ரப்பர் பந்து வைத்த பழைய ஹாரன் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் வாத்து கத்துவது மாதிரி இருக்கும். அரிகிருஷ்ணன் வீடு இருக்கிற சாரம் பகுதிப் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கு ஓடிவரும்.

"தெருமுனையிலேருந்தே ஹாரன அமுக்கிட்டு வரேன்" என்றார்.

அது இல்லாமல் வந்தால் என்ன என்று அரிகிருஷ்ணன் கேட்கவில்லை.

*

சைக்கிளை மிதிக்க மிதிக்க, எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். 'மணி, ஒரு சேதி.' அது சரியில்லை. 'மணி, பயப்படாத.' அதைச் சொன்னாலே பயப்படுவாள். பெரிய மார்க்கெட்டில் கீரைக்கடை போட்டு, எடை ஏய்க்கிறவனையும் எச்சில் துப்புகிறவனையும் அதட்டி வாழ்கிறவள். அவள் ஒன்றுக்குத்தான் பயப்படுவாள். அந்த ஒன்றுதான் இது.

தெருவுக்குள் திரும்பும்போது குழாயடியில் தையல்நாயகி நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி. குடத்தை இடுப்பில் ஏற்றியவள் வாயெல்லாம் பல்லாக, "என்னாண்ணே, எங்ககிட்டகூட மறைச்சிட்டீங்களே! கொளஞ்சி தீவாளிக்கு வரானாமே!" என்றாள்.

அரிகிருஷ்ணன் பிரேக்கைப் பிடித்தார். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? உங்க ஊட்டுல தெருவுக்கே சொல்லியாச்சி. அதிரசத்துக்கு மாவு இடிக்கிற சத்தம் கேக்கல?"

கேட்டது. உலக்கைச் சத்தம்.

உயிரோடு இருக்கிறான். கொன்சுலா ஆள் நேராக வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறான். காயம் பட்டிருக்கும், அதனால் லீவு கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரு கை போயிருந்தாலும் சரி, ஒரு கால் போயிருந்தாலும் சரி. அரிகிருஷ்ணன் நின்று மிதித்தார். வீட்டு வாசலில் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே விட்டார். அது சரிந்து விழுந்தது.

மணியம்மாள் உரலருகில் நின்றாள். நெற்றியெல்லாம் மாவு. உலக்கையை நிறுத்தாமலே, "வாய்யா கல்லுளிமங்கா! எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா ஒனக்கு?" என்றாள்.

"யாரு வந்தா? எப்ப வந்தாங்க? அடி பட்டிருக்கா?"

"அடியா? எதுக்கு அடி?" மணியம்மாள் சிரித்தாள். "அப்பனும் சம்பந்தியும் கமுக்கமா வெச்சிக்கிட்டு என்னா நடிப்பு நடிக்கிறாங்க பாரு, வசந்தா! கீரக் கூடைய எடுத்து வெச்சிக்கிட்டுக் கெளம்பறேன், இவ ரிக்‌ஷாவுலேருந்து எறங்கி முந்தானை முடிச்ச அவுக்கறா. பாத்தா எம்புள்ள!"

"மணி, கொன்சுலாவுலேருந்து ஆளு வந்துச்சா இல்லியா?"

"ஆளு எதுக்குய்யா? நீதான் கண்ணு தொறந்துட்டியே!"

கை நீட்டிக் காட்டினாள். சாமிப் படத்துக்குக் கீழே பலகையில் அந்தச் சிப்பாய் நின்றான். நெற்றியில் குங்குமம். காலடியில் ஒரு செம்பருத்தி. அரிகிருஷ்ணன் எழுதிய இரண்டு கறுப்புப் புள்ளியும் அவரையே பார்த்தன.

சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்த வசந்தா, வயிற்றுமேல் கையை வைத்துக்கொண்டு வெட்கத்தோடு சொன்னாள்: "நேத்து எங்கப்பா ஊட்டு ஜன்னல்ல நின்னுச்சு மாமா. பெயிண்டு வாசனகூடப் போவல. சரி, ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்காங்க, நாமும் தெரியாத மாதிரி இருப்போம்னு எடுத்து முடிஞ்சுக்கிட்டேன். காலையில பாத்தா எங்கப்பா மெடலு கோட்ட எடுத்துத் தூசி தட்டறாரு. எங்க கெளம்பிட்டப்பான்னேன். கொன்சுலாவுக்குன்னாரு. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. பாவம், மருமவன் வர சந்தோஷத்துல ராத்திரி தூங்கவேயில்ல போல."

அரிகிருஷ்ணன் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். பாதி சட்டையில் போனது.

"வெல்லம் பாரு, பாவு வெல்லம். இதுக்குன்னு நாலு கடை ஏறி எறங்குனேன்" என்று மணியம்மாள் பேசிக்கொண்டே போனாள். "என்னா தேதிக்கு ஏறறானாம்? மெட்ராசுக்கு நானும் வருவேன், இப்பவே சொல்லிட்டேன். ஏரோப்ளேன் எறங்கறதப் பாக்கணும்."

"அவன் வரல மணி."

"நடிக்காதய்யா."

"வரல. நேத்து ஆட்டத்துல ஒரு ஆளு கொறஞ்சிச்சு. அதுக்காகத் தொறந்தேன்."

மணியம்மாள் உலக்கையைத் தூக்கியபடி நின்றாள். பாதிச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "எதுக்காவ?"

"ஆட்டத்துக்கு."

"அவன் வந்தப்புறம்தான தொறக்கணும்னு சொல்லிட்டுப் போனான்?"

"ஆமா."

"நீ ஆடறதுக்காவ தொறந்தியா?"

"ஆமா" என்றார் அரிகிருஷ்ணன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றுகொண்டே மீதியையும் சொன்னார். பெய்ரூட், கட்டடம், வெடி, தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், பேர் வரவில்லை. டீக்கடையில் கேட்டதுபோலவே சொன்னார். பூசி மெழுகத் தெரியாத மனிதர்.

வசந்தாவின் கை வயிற்றுமேல் அப்படியே நின்றது. அவள் கத்தவில்லை. "எங்கப்பா கண்ணு..." என்று மட்டும் சொன்னாள். நேற்றிலிருந்து பார்த்தவையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் படுத்தன. மெடல் கோட்டு, பேட்டரி போன ரேடியோ, அவசர ரிக்‌ஷா.

மணியம்மாள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் வைத்து அரிகிருஷ்ணன் பார்த்ததில்லை. மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"விழுந்துச்சா?"

"என்னாது?"

"பொம்ம. நேத்து ஆட்டத்துல விழுந்துச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். இன்றைக்கு ராத்திரியாவது அவள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பொய் சொல்ல வாயைத் திறந்தார். ஏழாவது முடிச்சுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"விழுந்துச்சு."

மணியம்மாள் வாசலைப் பார்த்தாள். "தெருவுக்கெல்லாம் சொல்லிட்டேனே. பெரிய மார்க்கெட்டு பூரா சொல்லிட்டேனே" என்றாள். யாரிடமோ பேசுவதுபோல இருந்தது. பிறகு உள்ளே போய் அவருடைய பெயிண்ட் பெட்டியைத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தாள். பலகையிலிருந்து சிப்பாயை எடுத்தாள். குங்குமத்தைக் கட்டைவிரலால் அழித்தாள்.

"மூடு."

"மணி..."

"தொறந்தவன் நீதான? மூடு. ஆட்டமும் ஆடல, விழவும் இல்ல. அவன் சொன்ன மாதிரியே இருக்கட்டும். அவன் வந்தப்புறம் தொற."

"அது ஈயம் மணி. அதுக்கும் இதுக்கும்..."

"ஈயம்னா நேத்து எதுக்குய்யா ஒனக்குக் கை வந்துச்சி? வேற ஈயம் இல்லியா அந்த ஊட்டுல? அலமாரி பூரா இருக்குதே ஈயம்! எம்புள்ளதான் கெடச்சானா ஒனக்கு, பாலத்துல நிறுத்த?"

அரிகிருஷ்ணன் தரையில் உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார். முகத்துக்குப் பூசிய அதே மாநிறம், அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. இரண்டு சொட்டு டர்பண்டைன் விட்டுக் கரைத்தார். தூரிகையைத் தோய்த்தார். தூரிகை சிப்பாயின் முகத்துக்கு மேலே வந்து நின்றது.

"வேணாம் மாமா."

வசந்தா சுவரைப் பிடித்து எழுந்துவிட்டாள். ஒரு கை இடுப்பில். இன்னொரு கையால் சிப்பாயின் தலையை மூடிக்கொண்டாள்.

"வுடும்மா" என்றாள் மணியம்மாள்.

"அவரு கண்ண நீங்க மூடச் சொல்றீங்க அத்த. கண்ண மூடறது யாருக்குன்னு தெரியும்ல?"

அந்த வார்த்தை மணியம்மாளை எங்கே போய் அடித்தது என்று அரிகிருஷ்ணன் பார்த்தார். மாவுப் பூச்சுக்கடியில் முகம் ஒரே நொடியில் கிழடு தட்டியது. அவருடைய அப்பா செத்தபோது இமை மூடாமல் கிடந்தது. இந்த நீலக் கட்டைவிரலால்தான் இழுத்து மூடினார். அது மூடிக்கொண்ட விதம் இன்னும் விரலில் இருக்கிறது.

திறந்தே விட்டால் இவன் சண்டையில் நிற்கிறான். மூடினால் இவனுக்கு என்ன பேர்?

உரலில் பாதி இடித்த மாவு. வாசலில் சரிந்து கிடந்த சைக்கிள். சேதி தெரியாத தையல்நாயகி குழாயடியில் யாரிடமோ, "கொளஞ்சி வந்தா செண்டு வாங்கியாரச் சொல்லணும்" என்று உரக்கச் சிரித்தாள்.

மணியம்மாளின் கை சிப்பாயின் காலைப் பிடித்திருந்தது. வசந்தாவின் கை தலையைப் பிடித்திருந்தது. நடுவில் அரிகிருஷ்ணன் தூரிகையோடு உட்கார்ந்திருந்தார். நுனியிலிருந்து ஒரு சொட்டு, முகத்துக்கு வேண்டிய நிறம், தரையில் விழுந்தது.

அப்போதுதான் மெயின் ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டது. இருமல்காரன் மாதிரி விட்டு விட்டு வரும் என்ஜின். சாரத்தில் வேறு யாரிடமும் அந்த வண்டி இல்லை.

"எங்கப்பா" என்றாள் வசந்தா.

ஹாரன் விஷயம் அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அரிகிருஷ்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாசல் பக்கம் தலையைத் திருப்பினார்.

மொபிலெட் தெருமுனையில் திரும்பியது. குழாயடியைத் தாண்டியது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வழக்கம்போல் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது.

"ஏன் தாத்தா, ஹாரன் அடிக்கல?" என்று அவற்றில் ஒன்று கேட்டது.